யாருடைய பாதங்கள் அங்கே நடக்கும்?

பொழுதுபோக்கு என்னும் சொல்லைச் சற்றே நின்று நோக்கினால் அதிலே ஒரு விந்தை புலப்படும். அருமையான பொருளைச் சேர்த்து வைக்கவே மனிதர் விரும்புவர். காசைப் போக்குவதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று எவரும் அயலவரிடம் கேட்பதில்லை. ஆனால், போனால் திரும்பி வராத பொழுதை மாத்திரம் எவ்வாறு போக்கலாம் என்று வழி தேடுகின்றோம். பொழுது போகவில்லை என்று முறையிடாத வீடு இல்லை. பொழுது போதவில்லை என்ற முறைப்பாடும் அதே வீட்டிலிருந்துதான் எழுகின்றது.

வயல் வேலை, கந்தோர் வேலை, பிள்ளைகளின் படிப்பு, கோயிற் காரியம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அலுவல்கள் குவிகின்றன. வேலை செய்யும்போது மனம் வேறெங்கோ திரிகின்றது. ஓய்ந்திருக்கும்போது செய்யாமல் விட்ட வேலை வந்து நெஞ்சை அரிக்கின்றது. இதற்கிடையில் எவராவது ஒரு குறை சொல்லிவிட்டாலோ, அன்று முழுவதும் கை ஓடுவதில்லை. பொழுதுபோக்கு, கவனச் சிதறல், பிறர் சொல்லும் குறை ஆகிய இம்மூன்றும் வெவ்வேறு காரியங்கள் போலத் தோன்றும். ஆயினும் இவை மூன்றையும் அளப்பதற்கு ஒரே கோல் போதும் என்பதே எமது எண்ணம். அக்கோலைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. எமது மண்ணிலே நடந்துவரும் ஒரு வேலையைப் பார்த்தாலே போதும்.

மண்ணை முழந்தாளிட்டுத் தேடுவோர்

கிளிநொச்சியிலிருந்து கண்டி வீதி வழியாக யாழ்ப்பாணம் செல்வோர் ஆனையிறவையும் இயக்கச்சியையும் பளையையும் கடந்து முகமாலையை அடைவர். கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள ஊர் அது. 2000ஆம் ஆண்டிலிருந்து 2009 தொடக்கம் வரையில் போர்முனை இவ்வூரின் ஊடாகவே சென்றது. தென்னையும் பனையும் நின்ற அந்நிலத்தில் இரு தரப்பாரும் விதைத்தவை மிதிவெடிகளே. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. மிதிவெடிகளுக்கோ போர் முடிந்த செய்தி தெரியாது. காலம் எத்தனை சென்றாலும், மேலே வந்து படும் பாதத்துக்காக அவை காத்துக்கிடக்கும். அப்பாதம் படைவீரனுடையதா, பள்ளிக்குப் போகும் பிள்ளையினுடையதா என்று அவை பார்ப்பதில்லை.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலத்திலிருந்து ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்களும், பின்னர் டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு நிறுவனங்களும், இராணுவத்தின் பிரிவும் வடக்கிலே இவ்வெடிகளை அகற்றி வந்துள்ளன. இந்த வேலைக்குப் போனவர்களிற் பெருந்தொகையினர் இம்மண்ணின் மக்களே. போரிலே கணவனை இழந்து, குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் அவர்களுள் இருக்கின்றனர்.

அவர்கள் வேலை செய்யும் முறையைச் சற்றுக் கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஒடுங்கிய பாதை அளந்து கொடுக்கப்படுகின்றது. முகத்தை மறைக்கும் கண்ணாடிக் கவசமும் மார்பை மூடும் கனத்த அங்கியும் அணிந்து, கொளுத்தும் வெயிலிலே முழந்தாளிட்டு, மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சோதித்துச் சோதித்து முன்னேறுகின்றனர். ஒருவருக்கு நேரும் விபத்து மற்றவரைத் தாக்காதபடி இருவருக்கிடையே இடைவெளி விடப்பட்டிருக்கும். வேலைத்தலத்திலே கதையும் இல்லை, கைத்தொலைபேசியும் இல்லை. குறித்த நேரம் வந்ததும் வேலையை நிறுத்தி ஓய்வுக்குச் செல்லவேண்டும். இன்னும் சிறிது செய்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுவதற்கு இடமில்லை. அதன்பின் மேற்பார்வையாளர் வந்து, முடித்த நிலத்தை மீண்டும் சோதிப்பார். அதற்கும் அப்பால், வேலை செய்த குழுவைச் சேராத வேறு பரிசோதகர்கள் வந்து பார்ப்பர். தப்பிய வெடி ஒன்று அகப்பட்டால், முடிந்தது என்று எண்ணிய நிலத்தை மறுபடியும் தேடவேண்டும்.

இங்கே மூன்று காரியங்களைக் காண்கின்றோம். முதலாவது, ஓய்வு என்பது வேலை செய்பவர் இரந்து பெறும் சலுகையன்று. அது வேலையின் ஒரு பகுதி. களைத்த கை நடுங்கும், களைத்த கண் தவறும். ஆதலால் ஓய்வெடுப்பதும் கடமையே. இரண்டாவது, கவனம் என்பது வேலை செய்பவரின் சொந்தச் சொத்தன்று. அதை அவர் விரும்பியபடி வேறெங்கும் செலவழிக்க முடியாது. மூன்றாவது, குறை காண்பவர் அங்கே பகைவராக வருவதில்லை. அவர் வரவேண்டும் என்றே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றது.

இம்மூன்றுக்கும் காரணம் ஒன்றே. நாளை அந்த மண்ணிலே யாரோ நடக்கப் போகின்றார்கள். வேலை செய்பவர் அவர்களைக் கண்டதில்லை. அவர்களின் பெயரும் அறியார். ஆயினும் அவர்களுடைய பாதங்களை மனத்தில் வைத்தே அங்கே ஓய்வும் கவனமும் சோதனையும் விதிக்கப்பட்டுள்ளன.

எல்லா வேலையும் அத்தகைய நிலமே

"சுவாமி, அது உயிராபத்தான வேலை, நாங்கள் செய்வது சாதாரண வேலைதானே" என்று சிலர் சொல்லக்கூடும். வேறுபாடு உண்மைதான். ஆனால் அவ்வேறுபாடு எதில் இருக்கின்றது? மிதிவெடி நிலத்திலே தவறு உடனே சத்தமிட்டு வெளிப்படும். எங்கள் வேலைகளில் அது சத்தமின்றி, வேறொருவருடைய வாழ்விலே, வெகு நாட்களின் பின் வெளிப்படும். சத்தம் கேட்காத காரணத்தினாலேயே சேதம் இல்லை என்று நம்பிவிடுகின்றோம்.

ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து, காணிப் பத்திர அலுவலாக ஒரு தாய் முல்லைத்தீவுக் கச்சேரிக்கு வருகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய கூலியை இழந்து, பஸ்ஸுக்குக் காசு கடன் வாங்கி வந்திருக்கின்றாள். மேசைக்கு அப்பால் இருப்பவர் கைத்தொலைபேசியிலே ஒரு வேடிக்கையைப் பார்த்துச் சிரித்தபடி, தலை நிமிராமலே "நாளைக்கு வாங்கோ" என்கின்றார். அவருக்கு அது ஐந்து நிமிட வேடிக்கை. அவளுக்கோ ஒரு நாட் சோறு. வெடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் ஒருத்தி காயப்பட்டுத்தான் திரும்புகின்றாள்.

இரவிலே விழித்திருக்கவேண்டிய மருத்துவத் தாதி, கொப்பிகளைப் பாராமலே சரி அடையாளமிடும் ஆசிரியர், சீமெந்தைக் குறைத்துக் கலக்கும் மேசன், பின்னிருக்கையிலே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தொலைபேசியிற் கதைத்தபடி முச்சக்கர வண்டி ஓட்டுபவர் ஆகிய ஒவ்வொருவருடைய வேலையிலும் யாரோ ஒருவரின் பாதம் பதியக் காத்திருக்கின்றது. வீட்டிலே சமைக்கும் தாய்க்கும், பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லும் தந்தைக்கும் இது பொருந்தும். தொலைபேசியைப் பார்த்தபடி "ஓம், ஓம்" என்று சொல்லும் தந்தையிடம் பிள்ளை ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கின்றது. தனது பேச்சைவிட அந்தச் சிறு பெட்டி பெரிது என்பதே அப்பாடம்.

ஆகவே எங்கள் கோல் இதுதான்: நான் செய்யும் இந்த வேலையின் மீது யாருடைய பாதங்கள் நடக்கும்? இக்கேள்வியைக் கையிற் பிடித்துக்கொண்டு பொழுதுபோக்கையும் குறை சொல்வோரையும் பார்ப்போம்.

வில்லும் நாணும்

பொழுதுபோக்கைப் பாவத்தின் வாசல் என்று எண்ணும் பக்தர்கள் எம்மிடையே உண்டு. சிரிப்பு ஆழமின்மையின் அடையாளம் என்றும், விளையாட்டு வேலையற்றோர் காரியம் என்றும் அவர்கள் கருதுவர். திருச்சபையின் பெரிய போதகர்கள் அவ்வாறு கருதவில்லை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ், தமது பெரும் இறையியல் நூலிலே, விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டா என்ற கேள்வியை எழுப்பி, உண்டு என்றே விடை தருகின்றார். அங்கே ஒரு பழங்கதையை நினைவூட்டுகின்றார். நற்செய்தியாளரான அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகஞ்சுளித்தனர். அவர்களில் ஒருவன் வில் வைத்திருந்தான். அம்பு எய்யும்படி அவனிடம் அருளப்பர் கூறினார். பலமுறை எய்தபின், ஓயாமல் இப்படியே எய்துகொண்டிருக்க முடியுமா என்று வினவினார். முடியாது, வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனமும் அத்தகையதே என்றார் அருளப்பர்.

அக்குவினாஸ் அத்துடன் நிற்கவில்லை. தாமும் மகிழாமல், மகிழ்வோரையும் பொறுக்காமல் கடுகடுத்திருப்பவன் பிறருக்குப் பாரமாகின்றான் என்றும், அதுவும் ஒரு குற்றமே என்றும் சொல்லுகின்றார். 1609ஆம் ஆண்டில் இல்லறத்தாருக்கென்றே பக்தி நூல் எழுதிய புனித பிரான்சிஸ் சலேசியாரும், உலாவுதல், இனிய உரையாடல், இசை, திறமையை வளர்க்கும் விளையாட்டுக்கள் ஆகியவற்றை நல்லவை என்றே ஏற்கின்றார். அவர் முக்கியமாக விதிக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு. அவற்றில் இதயத்தையே பறிகொடுத்துவிடலாகாது என்பதே அது.

ஆனால் நாண் தளர்த்திய வில் மீண்டும் பூட்டப்பட வேண்டும். தளர்த்தியது தளர்த்தியபடியே மூலையிற் கிடந்தால் அதை வில் என்று சொல்வதிற் பயனில்லை. இங்கேதான் ஓய்வும் ஓட்டமும் வேறுபடுகின்றன. ஓய்வு எம்மை வேலைக்கும் மனிதருக்கும் திருப்பித் தருகின்றது. ஓட்டமோ வேலையிலிருந்தும் மனிதரிடமிருந்தும், ஈற்றிலே எம்மிடமிருந்தும் எம்மைத் தூரத்துக்குக் கொண்டு செல்கின்றது. பிரான்சிய நாட்டுக் கணித மேதை பாஸ்கால் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டார். ஓர் அறையிலே தனியே அமைதியாக இருக்க மனிதனால் முடியாதிருப்பதே அவனுடைய துன்பங்களுக்கு மூலம் என்பது அவர் கருத்து. கையிலே தொலைபேசி இல்லாத காலத்து மனிதரைப் பற்றியே அவர் அப்படிச் சொன்னார்.

எமது பெருநிலப்பரப்பிலே நல்ல ஓய்வுகளுக்குப் பஞ்சமில்லை. அந்திப் பொழுதிலே பாடசாலை மைதானத்தில் நடக்கும் கரப்பந்தாட்டம், முற்றத்திலே கோடு கிழித்து ஆடும் கிளித்தட்டு, மாமர நிழலிலே முதியவர்கள் விளையாடும் முந்நூற்றுநாலு, குளக்கட்டிலே காற்று வாங்கியபடி நடக்கும் ஊர்க்கதை ஆகிய இவையெல்லாம் மனிதரை மனிதரோடு சேர்த்து வைக்கின்றன. ஆட்டம் முடிந்து வீடு திரும்புபவர் உடல் களைத்திருந்தாலும் மனம் தெளிந்திருக்கின்றார். அதே முந்நூற்றுநாலு காசு வைத்தாடும் சூதாகவோ, அதே ஊர்க்கதை கசிப்புப் போத்தலைச் சுற்றிய கூட்டமாகவோ மாறும்போது அங்கே ஓட்டம் தொடங்கிவிட்டது. விளையாட்டின் பெயர் மாறவில்லை. அது ஆளை எங்கே கொண்டு போய் விடுகின்றது என்பதே மாறியது. கைத்தொலைபேசிக்கும் இதே நியாயம்தான். கனடாவிலிருக்கும் சகோதரியின் முகத்தைக் காட்டுவதும் அதுவே. அருகிலிருக்கும் மனைவியின் முகத்தை மறைப்பதும் அதுவே.

துயர் நிறைந்த மண்ணிலே மகிழலாமா?

இவ்விடத்தில் ஒரு கடினமான கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. இவ்வளவு இழப்புக்களைச் சந்தித்த மண்ணிலே விளையாட்டும் வேடிக்கையும் தகுமா? கிளிநொச்சியிலே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக் கணக்கில் நீடித்தது. பிள்ளையைத் தேடித் தேடியே உயிர்விட்ட பெற்றோரும் அவர்களுள் உண்டு. அவர்கள் இருந்த பந்தலுக்கு அப்பால் ஒலிபெருக்கியிலே சினிமாப் பாட்டு முழங்குவது நீதியாகுமா?

மகிழ்ச்சியைத் தடைசெய்வதனால் இறந்தோருக்கு மரியாதை செய்துவிட முடியாது. போரைக் காணாது பிறந்த பிள்ளைகள் விளையாடியே வளரவேண்டும். துயரத்தை மட்டுமே முதுசமாகக் கொடுத்தால் அவர்கள் அதையும் வெறுப்பர், எங்களையும் வெறுப்பர். ஆயினும் எமது கோல் இங்கும் பயன்படுகின்றது. எமது மகிழ்ச்சி அயலவரின் முற்றத்தையும் தொடுகின்றது. நினைவு நாளில் விளக்கேற்றி அமர்ந்திருக்கும் தாயின் வேலிக்கு அருகிலே ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைப்பது மகிழ்ச்சியை இழப்பதாகாது. பக்கத்திலே ஒருத்தி அழுகின்றாள் என்பதை மறந்து ஆடுவது விளையாட்டன்று. அதை நினைவில் வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தபின் அவளிடம் சென்று இரண்டு வார்த்தை பேசச் செய்யும் விளையாட்டே நல்ல விளையாட்டு.

கூத்து மரபு தரும் பாடம்

பொழுதுபோக்கும் குறை சொல்லுதலும் சந்திக்கும் இடம் ஒன்று எமது மரபிலேயே இருக்கின்றது. முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தும், மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலே கத்தோலிக்க மக்கள் வளர்த்த நாட்டுக்கூத்துக்களும் ஊரே கூடி இரவிரவாகப் பார்த்து மகிழ்ந்த பொழுதுபோக்குக்கள். 1965ஆம் ஆண்டில் மரிய சேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அம்மரபுக்குப் புத்துயிர் ஊட்டியது. கூத்து அரங்கேறுமுன் உடுப்பும் ஒப்பனையும் இல்லாமல் ஆடிக் காட்டும் வழக்கத்தை வெள்ளுடுப்பு என்பர். அதைப் பார்ப்பதற்கு ஊர்ப் பெரியவர்களும் கூத்தறிந்தவர்களும் வந்திருப்பர். தாளம் பிசகியதையும், பாட்டிலே சொல் விழுந்ததையும், ராசா வரவேண்டிய மிடுக்கோடு வரவில்லை என்பதையும் அங்கே சொல்லிவிடுவர். அண்ணாவியார் கேட்டுக்கொள்வார். ஆடியவன் மணிமுடியும் மினுங்கும் உடுப்பும் அணிந்திருக்கவில்லை. ஆதலால் திருத்தத்தை ஏற்பதும் எளிதாகின்றது.

இதிலே நுட்பமான ஞானம் இருக்கின்றது. குறையைச் சொல்வதற்கு நேரமும் இடமும் ஒதுக்கி வைத்த சமூகத்தில், குறை சொல்பவன் பொறாமைக்காரனாகத் தோன்றமாட்டான். எமது கந்தோர்களிலும் சங்கங்களிலும் பங்குச் சபைகளிலும் அந்த வெள்ளுடுப்பு நாள் இல்லை. முகத்துக்கு நேரே எவரும் எதுவும் சொல்வதில்லை. எல்லாம் முடிந்தபின் தேநீர்க் கடையிலே சொல்லப்படுகின்றது. அல்லது பெயரில்லாத பெட்டிசமாக மேலிடத்துக்குப் போகின்றது. இன்றைக்கு அது முகநூலிலும் ஏறுகின்றது. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாதவர் சொல்லக்கூடாத இடத்தில் சொல்லுகின்றார். கேட்கவேண்டியதைக் கேட்காதவர் கேட்கக்கூடாதவற்றையெல்லாம் கேட்டு நோகின்றார்.

மதிலின் மேல் நின்ற மனிதர்

பிறர் சொல்லும் குறையை எப்படி ஏற்பது என்பதற்குப் பழைய ஏற்பாட்டின் நெகேமியா நல்ல வழிகாட்டி. பாரசீக அரசனிடம் பானம் பரிமாறுவோராயிருந்த அவர், இடிந்து கிடந்த எருசலேமின் மதிலைக் கட்டுவதற்கு ஊர் திரும்பினார். போரில் இடிந்த வீட்டை மீண்டும் கட்டிய வன்னி மக்களுக்கு அவருடைய நிலை விளங்காமற் போகாது.

மதில் எழத் தொடங்கியதும் சன்பலாற்று என்பவனும் தோபியா என்பவனும் ஏளனம் செய்தனர். ஒரு நரி ஏறினாலே இடிந்துவிடும் மதில் என்றான் தோபியா. நெகேமியா அவர்களோடு வாதாடப் போகவில்லை. தம் மனக்குறையை இறைவனிடம் முறையிட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பின்னர் எதிராளிகள் பேச்சுக்கு வருமாறு நான்கு முறை ஆளனுப்பினர். பெரிய வேலை ஒன்றிலே இருப்பதால் இறங்கி வர இயலாது என்று நான்கு முறையும் ஒரே விடையைச் சொல்லியனுப்பினார்.

இதுவரை கேட்டு, குறை சொல்வோரைப் பொருட்படுத்தாதே என்பதே பாடம் என்று முடிவு செய்துவிடக்கூடாது. அதே நூலில் இடையிலே இன்னொரு நிகழ்ச்சி உண்டு. ஏழை மக்கள் கூக்குரலிட்டு வந்தனர். உணவுக்காகவும் அரச வரிக்காகவும் வயலை ஈடுவைத்து, பிள்ளைகளையும் அடிமைகளாக்க வேண்டியதாயிற்று என்றும், கடன் கொடுத்து வருத்துவோர் சொந்த இனத்தவரே என்றும் முறையிட்டனர். நெகேமியா இம்முறை, பெரிய வேலையில் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. சபையைக் கூட்டினார். கடன் கொடுத்தோர் வரிசையிலே தம்மையும் தம் உறவினரையும் சேர்த்துச் சொன்னார். ஈடுவைத்த நிலங்கள் திரும்பக் கொடுக்கப்படும்வரை விடவில்லை.

ஏளனக்காரருக்காக இறங்காத மனிதர் ஏழைகளின் முறைப்பாட்டுக்கு ஏன் செவிசாய்த்தார்? ஏளனக்காரர் அந்த மதிலுக்குள் வாழப் போகின்றவர்கள் அல்லர். மதில் எழவே கூடாது என்பதே அவர்கள் விருப்பம். ஏழைகளோ அதற்குள்ளே வாழ வேண்டியவர்கள். அவர்களைப் பட்டினியிலும் அடிமைத்தனத்திலும் விட்டுவிட்டு எழுப்பும் மதில் யாருக்காக? எங்கள் கோலை இங்கே பொருத்திப் பாருங்கள். யாருடைய பாதங்கள் அங்கே நடக்கப் போகின்றனவோ, அவர்களின் முறைப்பாட்டுக்கு வேலையை நிறுத்தியேனும் செவிகொடுக்க வேண்டும்.

2018 டிசம்பரிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியபோது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் உரிய வேளையிலே திறக்கப்பட்டனவா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை எதுவாயினும், கேள்வி கேட்கும் உரிமை குளத்துக்குக் கீழே வயலும் வீடும் வைத்திருந்தோருக்கு முழுமையாக உண்டு. அத்தகைய கேள்வியைத் துறைசார் அறிவில்லாதோரின் கூச்சல் என்று எவரும் தள்ளிவிட முடியாது.

பகைவன் காட்டிய இடம்

காய்த்த மரந்தான் கல்லெறி படும் என்ற பழமொழியைச் சொல்லி எம்மை நாமே தேற்றிக்கொள்வது வழக்கம். நல்ல பழமொழிதான், ஆனால் அதை எல்லாக் கல்லுக்கும் பயன்படுத்தினால் ஆபத்து. காய்க்காத மரமும் சிலவேளை கல்லெறி படுவதுண்டு. வீதிக்குக் குறுக்கே சாய்ந்த மரமும் படுவதுண்டு. இடித்துரைப்போர் இல்லாத அரசன், கெடுப்பார் எவருமில்லாமலே கெடுவான் என்று வள்ளுவரும் எச்சரித்திருக்கின்றார்.

எனவே குறை ஒன்று காதில் விழுந்ததும் முதலில் கேட்கவேண்டியது, சொன்னவர் யார் என்பதன்று. அவர் ஓர் இடத்தைக் காட்டுகின்றாரா என்பதே. மிதிவெடி நிலத்துப் பரிசோதகர், நீ கவனமற்ற ஆள் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. இந்த இடத்திலே, இந்த ஆழத்திலே, இது தப்பியிருக்கின்றது என்று விரலை வைத்துக் காட்டுவார். இடத்தைக் காட்டும் குறைக்குச் சென்று பார்ப்பதே மறுமொழி. இடத்தைக் காட்டாமல், சாதியையும் ஊரையும் குடும்பத்தையும் பழைய கதைகளையும் இழுக்கும் குறைக்கு வேலையைத் தொடர்வதே மறுமொழி.

இடத்தைக் காட்டுபவர் எமக்குப் பிடிக்காதவராக இருந்தால்? அப்போதும் சென்று பார்க்கத்தான் வேண்டும். காட்டியவன் பகைவன் என்பதற்காக மிதிவெடி வெடிக்காமல் விடாது. பொறாமையினாலே சொன்னான் என்பது அவனுடைய மனச்சாட்சியின் காரியம். சொன்னது உண்மையா என்பது எமது மனச்சாட்சியின் காரியம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதனாலேதான், ஒரு சொல்லுக்காக ஒரு மாதம் நித்திரையை இழக்கின்றோம். ஆனால் அச்சொல் காட்டிய இடத்தை ஒருமுறைதானும் சென்று பார்ப்பதில்லை.

வீட்டுக்கும் வேலைக்கும் சில வழிகள்

முதலாவது, வேலை தொடங்குமுன் அதன் மீது நடக்கப் போகும் ஒருவரையாவது மனத்தில் நினையுங்கள். கோவையைத் திறக்கும் லிகிதர் அந்தக் கோவைக்குரிய குடும்பத்தை நினைக்கட்டும். கரும்பலகை முன் நிற்பவர் பின்வாங்கிலே பேசாதிருக்கும் பிள்ளையை நினைக்கட்டும். காலைச் செபத்திலே ஒரு நிமிடம் இதற்குப் போதும். மனம் சிதறும் வேளையில், சிதறாதே என்று மனத்தை அதட்டுவதைவிட, அந்த முகத்தை மீண்டும் நினைப்பது பயன்தரும்.

இரண்டாவது, ஓய்வை ஒளித்து எடுக்காதீர்கள். வேலை நேரத்திலே மேசைக்கடியில் களவாகப் பார்க்கும் வேடிக்கை ஓய்வாகாது. அது களைப்பையே கூட்டும். ஓய்வுக்கென்று நேரம் ஒதுக்கி, அந்நேரத்திலே முழுமனத்தோடு ஓய்ந்திருங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்வோருக்கும் அந்நேரத்தைக் கொடுங்கள். நாள் முழுவதும் அடுப்படியில் நிற்கும் மனைவிக்கும் ஓய்வு உண்டு என்பதை ஆண்கள் மறக்கலாகாது. மார்த்தாவைச் சமையலறையிலே தனியே விட்டுவிட்டு, அவளுக்கு அமைதியில்லை என்று குறைசொல்வது முறையன்று.

மூன்றாவது, குறை சொல்லவேண்டி வந்தால் முகத்துக்கு நேரே, தனியே, இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அன்பினாற் சொல்லாமல் விடுகின்றேன் என்பது பெரும்பாலும் அச்சத்துக்கு நாம் இடும் அழகான பெயரே. நண்பனின் வேலையிலே தப்பிய வெடியைக் கண்டும் வாய்மூடி இருப்பவன், நாளை அங்கே நடக்கும் பிள்ளைக்குப் பதில் சொல்லவேண்டியவனாகின்றான்.

நான்காவது, குறை கேட்ட அன்றே மறுமொழி கூறாதீர்கள். ஓர் இரவு செல்லட்டும். மறுநாள் அந்த இடத்தைப் பாருங்கள். உண்மையானால் திருத்துங்கள், சொன்னவருக்கு நன்றி சொல்லுங்கள். உண்மையில்லையானால் விட்டுவிட்டு வேலையைத் தொடருங்கள். அதைத் தேநீர்க் கடைக்குக் கொண்டு போகாதீர்கள்.

இலங்கை 2017 டிசம்பரிலே மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நாட்டின் மிதிவெடிகளை முற்றாக அகற்றுவதற்கு 2028 ஜூன் முதலாம் திகதி தவணையாகக் குறிக்கப்பட்டது. அத்தவணைக்குள் வேலை முடியுமோ, அதற்கு மேலும் செல்லுமோ, முடிந்த நிலங்களிலே இப்போதே வீடுகள் எழுந்துள்ளன, தென்னம்பிள்ளைகள் நடப்பட்டுள்ளன. அவ்வழியாகப் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள் கீழே பார்த்து நடப்பதில்லை. அங்கே யார் முழந்தாளிட்டுத் தேடினார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. நல்ல வேலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறு என்ன இருக்கின்றது? நாளைக் காலை எமக்கும் ஒரு துண்டு நிலம் அளந்து தரப்படும். அதைக் கவனமாகத் தேடுவோம். நேரம் வந்ததும் மகிழ்ந்து ஓய்வோம். சோதிக்க வருவோருக்கு வழி விடுவோம்.